வதந்தியின் வேகம்

கேள்வி: வாட்ஸ்அப், ஃபேஸ்புக் வந்தபிறகுதான் சமுதாயம் கெட்டுப்போனது என்கிறார் என் மாமனார். சரிதானா?

பதில்: பாதி சரி. வதந்தி பழைய சரக்கு, வேகம்தான் புதுசு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் சுற்றிய புரளியை நம்பியவர்கள், அவரை அடித்தே கொன்றார்கள். அடித்தது மனிதர்கள்தான், ஆனால், அந்தப் பீதியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது செல்போன். இதுபோன்ற கொலைகள் பல மாநிலங்களில் நடந்தபிறகே, ஒரு தகவலை ஒரே நேரத்தில் 5 சாட்டுகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆக, கருவியை உருவாக்கியவருக்கும் பொறுப்பு உண்டு. மீதி நம்முடையது. குடும்பக் குரூப்பில் வந்ததே ஆனாலும், உறுதியாகத் தெரியாததை யாருக்கும் அனுப்பாதீர்கள்.