டைலுக்கு அடியில் ஓர் அறிவியல் பாடம்

மாணவர்களே, உங்கள் வீடு இரண்டு மாடி வரிசை வீடா? அப்படியானால், மாடிக் குளியலறைக்கு நேர்கீழே நின்று ஒருமுறை மேலே அண்ணாந்து பாருங்கள். மஞ்சள் நிறக் கறை தெரிகிறதா? வெள்ளைத் தூள் படிந்திருக்கிறதா? இருந்தால், மேலே தரை ஒழுகக்கூடும். குளியலறைத் தரையை மாற்ற வேண்டும் என்று அப்பா சொல்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

அந்த வெள்ளைத் தூள் எங்கிருந்து வந்தது? சிமெண்டில் கால்சியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. கசியும் நீர் அதைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்ததும் அது கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. பத்துமலைக் குகையில் தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகளும் இதே கால்சியம் கார்பனேட்டால் ஆனவைதான். ஆகவே, கூரையில் வெள்ளைப் படிவம் இருந்தால், நீர் கான்கிரீட்டின் வழியே பயணம் செய்திருக்கிறது என்று பொருள்.

டைல் தண்ணீரைத் தடுக்குமா?

பலரும் தடுக்கும் என்றே நினைக்கிறார்கள். டைல் வழியாக நீர் போகாது என்பது ஏறக்குறைய உண்மை. ஆனால், இரண்டு டைல்களுக்கு இடையே உள்ள சிமெண்ட் கோட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ளன. நுண்புழை ஈர்ப்பால் நீர் அவற்றுக்குள் நுழைந்துவிடும். கீழே போகாமல் நீரை உண்மையில் தடுத்து நிறுத்துவது டைலுக்கு அடியில் பூசப்படும் நீர்க்காப்புப் பூச்சு. டைல் என்பது சட்டை. அந்தப் பூச்சுதான் தோல். சட்டையை மட்டும் மாற்றினால் ஒழுகல் நிற்காது.

முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு உடையுங்கள்

ஒழுகுவது தரையா, குழாயா? வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். அப்போதும் அது சுற்றினால், நீர்க்குழாயில் எங்கோ கசிவு இருக்கிறது. மீட்டர் நின்றுவிட்டால், சில நாள் அந்தக் குளியலறையைப் பயன்படுத்தாமல் விடுங்கள். கறை காய்ந்தால் சந்தேகம் தரைமீதும் கழிவுநீர்க் குழாய்மீதும் திரும்பும். தரையைப் பிரிக்கும்போது வடிகால் துளையைச் சுற்றியும் சோதிக்க வேண்டும்.

உடைக்கும் நாள்

வடிகால் துளையைத் துணியால் அடைத்துவிடுங்கள்; இல்லையென்றால் சிமெண்ட் துண்டுகள் உள்ளே விழுந்து குழாயை அடைத்துக்கொள்ளும். டைலையும் அதன் அடியிலுள்ள பழைய சாந்தையும் மட்டும் உளியால் பெயர்க்க வேண்டும். கான்கிரீட் தளத்தைத் தொடக் கூடாது.

உடைக்கும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா உண்டு. அது நுரையீரலில் தங்கிவிடும். எனவே நீர் தெளித்துக்கொண்டே வேலை செய்யுங்கள். என்95 முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். ஈரச் சிமெண்ட் கடுமையான காரம். அதன் பிஎச் அளவு 12க்கு மேல். கையுறை இல்லாமல் தொட்டால் தோல் புண்ணாகும். வெட்டும் இயந்திரம் பெரியவர்கள் கையில் மட்டுமே இருக்கட்டும்.

சரிவுக்கு ஒரு கணக்கு

தரை சமமாக இருந்தால் நீர் தேங்கும். அதனால் புதிய சாந்தை வடிகால் துளையை நோக்கிச் சரிவாகப் போட வேண்டும். 1:80 என்பது பொருத்தமான சரிவு. சுவரிலிருந்து துளை 2 மீட்டர் தூரம் என்றால், 200 ÷ 80 = 2.5 செ.மீ. சுவரோரம் அந்த அளவு உயரமாக இருக்க வேண்டும். கணிதப் பாடத்தில் படித்த சாய்வு இதுதான். ரசமட்டத்தை வைத்து அடிக்கடி சரிபாருங்கள்.

தோலைப் பூசுதல்

சாந்து இறுகிய பின் தரையைச் சுத்தம் செய்து, நீர்க்காப்புப் பூச்சை இரண்டு முறை பூச வேண்டும். முதல் முறை நெடுக்காக, அது காய்ந்த பின் இரண்டாம் முறை குறுக்காகப் பூசினால் விடுபட்ட இடங்கள் நிரம்பிவிடும். சுவரிலும் 30 செ.மீ. உயரம் வரை ஏற்றிப் பூசுங்கள். சுவரும் தரையும் தனித்தனியே விரிந்து சுருங்குவதால் மூலைகளில்தான் முதலில் விரிசல் விடும். அங்கே வலைத்துணி ஒட்டி அதன்மேல் பூச வேண்டும்.

இதுதான் உண்மையான பரிசோதனை

பூச்சு நன்கு காய்ந்ததும் துளையை அடைத்து, வாசலிலும் தடுப்பு வைத்து, சராசரி 2.5 செ.மீ. ஆழத்துக்கு நீர் நிரப்பி 24 மணி நேரம் விடுங்கள். குளியலறை 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம் என்றால், 2 × 1.5 × 0.025 = 0.075 கன மீட்டர். அதாவது 75 லிட்டர். எடை 75 கிலோகிராம். நீருக்கு இவ்வளவு எடை இருப்பதால் அதிகமாக நிரப்ப வேண்டாம்.

மறுநாள் நீர்மட்டம் 2 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் என்ன முடிவுக்கு வருவீர்கள்? கசிவா, ஆவியாதலா? இதை அறிய, தொடக்கத்திலேயே பக்கத்தில் அகலமான ஒரு பேசினில் நீர் வைத்துக் குறியிடுங்கள். பேசினிலும் அதே அளவு இறங்கியிருந்தால் காரணம் ஆவியாதல். தரையில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. ஆய்வுக்கூடத்தில் நாம் வைக்கும் கட்டுப்பாட்டுச் சோதனை இதுதான். கீழே கூரையையும் பார்க்க மறக்காதீர்கள். கசிந்தால் மீண்டும் பூசி மீண்டும் சோதியுங்கள். டைல் ஒட்டிய பின் தெரிந்தால் எல்லாவற்றையும் உடைக்க வேண்டிவரும்!

இப்போது டைல்

போர்சலின் டைல் தன் எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சாது. நுண்துளைகள் மிகக் குறைவு என்பதால் வெறும் சிமெண்ட் அதைச் சரியாகப் பிடிக்காது; பாலிமர் கலந்த டைல் பசை தேவை. பல் வைத்த கரணையால் பசையை ஒரே திசையில் கோடு கோடாக இழுங்கள். டைலை அழுத்தும்போது அந்தக் கோடுகளுக்கு இடையே காற்று வெளியேறும். காற்று சிக்கினால் அந்த இடம் தட்டும்போது 'டொக்' என்று ஒலிக்கும். கனமான பொருள் விழுந்தால் உடையும். சரிவான தரைக்குச் சிறிய, சொரசொரப்பான டைல்களே ஏற்றவை.

மறுநாள் இடைவெளிகளில் சாந்து நிரப்புங்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் வளைந்து கொடுக்கும் சிலிக்கோன் இடுங்கள்.

சிமெண்ட் காய்வதால் இறுகுவதில்லை. நீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. அந்த வினை பல நாள் தொடரும். பொறியாளர்கள் கான்கிரீட்டின் வலிமையை 28ஆம் நாளில் அளப்பது அதனால்தான். அவசரப்பட்டுக் குளிக்க ஓடாதீர்கள். பசைப் பொட்டலத்தில் போட்டுள்ள நாள்கணக்கைப் பின்பற்றுங்கள்.

அடுக்குமாடியில் இருக்கிறீர்களா?

அங்கே உங்கள் தரை இன்னொருவரின் கூரை. நிர்வாகத்தின் அனுமதியின்றி உடைக்க வேண்டாம். மலேசியாவின் 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி, கீழ்வீட்டின் கூரை ஒழுகினால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை மேல்வீட்டிலிருந்தே கசிவதாகக் கொள்ளப்படும். இந்த வேலையை அனுபவமுள்ளவரிடம் விடுவதே நல்லது. ஆனால் டைல் ஒட்டுவதற்கு முன், "24 மணி நேர நீர்ச் சோதனை செய்தாயிற்றா?" என்று நீங்கள் கேட்கலாம்.

கணக்கிட்டுப் பாருங்கள்: உங்கள் குளியலறையில் சுவரிலிருந்து துளை 1.6 மீட்டர் தூரத்தில் உள்ளது. 1:80 சரிவுக்குச் சுவரோரம் எவ்வளவு உயர வேண்டும்? (விடை: 2 செ.மீ.)