அடம் அல்ல, வயிற்று வலியாக இருக்கலாம்



ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்கள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். "தயிர் சாதம், பிஸ்கட் தவிர எதையும் தொடமாட்டேங்கிறான்", "நாலு நாளா வெளிக்குப் போகல" என்று கவலைப்படுகிறார்கள். சுற்றி இருப்பவர்களோ, "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். இந்த மாதம் இதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

ஏன் சாப்பிட மறுக்கிறார்கள்?

இந்தப் பிள்ளைகளில் பலருக்கு மணம், ருசி, நிறம், தொடு உணர்ச்சி எல்லாமே நம்மைவிடக் கூடுதலாகத் தெரியும். நமக்கு வாசமாக இருக்கும் தாளிப்பு அவர்களுக்குக் குமட்டலாம். சாதத்தில் ஒரு கடுகு தட்டுப்பட்டாலே தட்டைத் தள்ளிவிடலாம். தட்டு மாறினால்கூடச் சாப்பிடாத பிள்ளைகள் உண்டு. இது திமிர் இல்லை.

மலச்சிக்கலைக் கவனியுங்கள்

காய், பழம், தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும். இறுகினால் வலிக்கும். வலிக்குப் பயந்து பிள்ளை அடக்கும். அடக்க அடக்க இன்னும் இறுகும். வயிறு நிறைந்திருப்பதால் பசியும் எடுக்காது.

சில பிள்ளைகளுக்கு இறுகிய மலத்தைச் சுற்றி நீராகக் கசிந்து உள்ளாடையில் படும். இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து நாமே மருந்து கொடுத்தால் சிக்கல் கூடிவிடும்.

பேச்சு வராத பிள்ளைக்கு "வயிறு வலிக்குது" என்று சொல்லத் தெரியாது. வயிற்றை மேசை விளிம்பில் அழுத்துவது, குனிந்து சுருண்டுகொள்வது, திடீரென அழுவது, தன்னையே கடிப்பது, இரவில் தூங்காமல் இருப்பது ஆகியவை வலியின் அடையாளமாக இருக்கலாம். அடிப்பதற்கு முன் வயிற்றைப் பாருங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை

• குழம்பையும் சாதத்தையும் பிசையாமல் தனித்தனியாக வையுங்கள்.
• பிடித்த உணவோடு புதியதை ஒரு கடலை அளவு வையுங்கள். பார்ப்பது, தொடுவது, முகர்வதுகூட முன்னேற்றம்தான். பத்துப் பதினைந்து முறை வைத்த பிறகு வாயில் வைக்கும் பிள்ளைகள் உண்டு.
• மூக்கைப் பிடித்து ஊட்டாதீர்கள். பிடித்த உணவில் மருந்தை ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்தால் அந்த உணவும் போய்விடும்.
• பாலை ஒரு நாளைக்கு அரை லிட்டருக்குள் நிறுத்துங்கள். பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறு இறங்காது, இரத்தசோகையும் வரலாம்.
• கொய்யா, பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கீரை, சுண்டல் ஆகியவற்றில் பிள்ளை ஏற்பதைக் கொடுங்கள். தண்ணீரும் அடிக்கடி கொடுங்கள்.
• சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், தினமும் ஒரே வேளையில், ஐந்து நிமிடம் கழிப்பறையில் உட்கார வையுங்கள். நாற்காலிக் கழிப்பறை என்றால் காலுக்கு மணை போடுங்கள்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

எடை குறைதல், மலத்தில் இரத்தம், ஓயாத வாந்தி, வயிறு உப்புதல், விழுங்கும்போது புரையேறுதல். மண், சாக்பீஸ் தின்றாலும் காட்டுங்கள். காய், பழமே தொடாத பிள்ளைக்கு ஈறில் இரத்தம் வந்தாலோ, கால் வலித்து நடக்க மறுத்தாலோ அது வைட்டமின் சி குறைவாக இருக்கலாம். மருந்தால் குணமாகும்.

ஏமாறாதீர்கள்

"கோதுமை, பாலை நிறுத்தினால் ஆட்டிசம் போய்விடும்", "குடலைச் சுத்தம் செய்தால் பேச்சு வரும்" என்று சொல்லிப் பவுடரும் சொட்டு மருந்தும் விற்கிறார்கள். இவற்றால் ஆட்டிசம் குணமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே நாலு பொருள் மட்டும் சாப்பிடும் பிள்ளையிடம் இரண்டை நிறுத்தினால் உடம்பு என்ன ஆகும்? குழுவில் கடன் வாங்கி இதற்குக் கொட்டாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் எந்த உணவையும் அடியோடு நிறுத்தவும் வேண்டாம்.

எங்கே போவது?

முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும்போது பிள்ளையைக் காட்டுங்கள். அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சிகிச்சை இலவசம். போகும்போது ஒரு வாரம் பிள்ளை என்ன சாப்பிட்டது, எப்போது வெளிக்குப் போனது என்று நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அது பெரிய உதவி.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

1. நம் தெருவில் இப்படிப்பட்ட பிள்ளை இருக்கிறதா? அந்தத் தாய் கடைசியாக எப்போது நிம்மதியாகச் சாப்பிட்டார்?
2. அவர் மருத்துவமனை போகும் நாளில் துணைக்கு யார் போவது?
3. விசேஷ வீட்டில் அந்தப் பிள்ளை வெறும் சோறு கேட்டால், யாரும் எதுவும் சொல்லாமல் பரிமாற நம்மால் முடியுமா?