வேட்கைக்கு வந்த பசுவைக் கையாளுதல்

முன்னுரை

நாள்தோறும் அமைதியாக நின்று பால் தந்த பசு, ஒரு நாட் காலையில் கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து கதறுவதும், கறப்பவரை அணுகவிடாது உதைப்பதும், கயிற்றை அறுத்துக்கொண்டு வேலியைப் பாய்வதும் மாடு வளர்ப்போர் யாவரும் கண்டறிந்த காட்சியாகும். இதனைக் கண்ட சிலர், பசுவுக்கு நோய் பிடித்ததென்று அஞ்சுகின்றனர். வேறு சிலர், பசு குழப்படி செய்கின்றதென்று சினந்து அடிக்கின்றனர். இரண்டும் தவறாகும். பெரும்பாலான சந்தர்ப்பங்களில் அப்பசு வேட்கைக்கு வந்துள்ளது என்பதே இதன் பொருள். சினைப்படுத்துவதற்குரிய வேளை கிட்டியதென்று பசு தானே அறிவிக்கும் அறிவித்தல் அது. அவ்வறிவித்தலைத் தவறவிட்டால் மீண்டும் ஏறக்குறைய மூன்று வாரங்கள் காத்திருத்தல் வேண்டும்.

ஓரிரு பசுக்களின் பாலை நம்பிச் சீவிக்கும் குடும்பத்துக்கு இம்மூன்று வாரங்கள் சிறிய நட்டமல்ல. ஆதலின், வேட்கையை அறியும் முறையும், அந்நாளில் பசுவுக்கும் மனிதருக்கும் ஊறு நேராவண்ணம் கையாளும் முறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

வேட்கை என்பது யாது?

பசுவின் சூலகத்தில் முட்டை முதிரும்பொழுது, ஈஸ்திரசன் என்னும் ஓமோன் இரத்தத்தில் மிகுகின்றது. அதுவே பசுவின் மனநிலையை மாற்றி, அதனை அமைதியற்றதாக்குகின்றது. முட்டை வெளிப்பட்டபின் அவ்விடத்தில் மஞ்சட் சடலம் தோன்றிப் புரோஜெஸ்தரோன் என்னும் வேறோர் ஓமோனைச் சுரக்கும். அப்பொழுது பசு அமைதியடையும். சினை தங்காவிடின் மஞ்சட் சடலம் அழிந்து, புதிய முட்டை முதிரத் தொடங்கும். இவ்வட்டம் சராசரியாக 21 நாட்களுக்கு ஒருமுறை நிகழும். 18 நாள் முதல் 24 நாள் வரை வேறுபடுதல் இயல்பே.

குளிர் நாடுகளில் பெண்குதிரைகள் வசந்த காலத்தில் பகற்பொழுது நீளும்போதே வேட்கைக்கு வரத் தொடங்கும். அவ்வேட்கை ஐந்தாறு நாட்கள் நீடிக்கும். பசுவின் இயல்பு இதற்கு மாறானது. நல்ல உணவும் உடல்நலமும் உள்ள பசு, ஆண்டின் எம்மாதத்திலும் வேட்கைக்கு வரும். ஆனால் அதன் வேட்கை ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். ஐரோப்பிய இனப் பசுக்களிலும் கலப்பினங்களிலும் அது 12 முதல் 18 மணித்தியாலங்கள் வரை நீடிக்கலாம். நம் நாட்டுப் பசுக்களிலும் இந்திய இனங்களிலும் இதனினும் குறுகிய நேரமே காணப்படும். ஆகவே, குதிரை வளர்ப்போனுக்குக் கிட்டும் அவகாசம் மாடு வளர்ப்போனுக்குக் கிட்டுவதில்லை.

அறிகுறிகள்

வேட்கையின் அறிகுறிகளை மூன்று நிலைகளாகப் பிரித்தறிதல் நலம்.

முதல் நிலை: பசு அமைதியின்றி உலாவும்; அடிக்கடி கதறும்; தீன் குறையும்; மற்றப் பசுக்களை முகர்ந்து, அவற்றின்மீது ஏற முயலும். தன்மீது மற்றவை ஏற முயன்றால் விலகிச் செல்லும்.

நடு நிலை: மற்றப் பசு தன்மீது ஏறும்போது அசையாது நிற்கும். இதுவே ஐயத்துக்கிடமற்ற அறிகுறி. ஏறுகின்ற பசுவன்று, ஏற இடங்கொடுத்து நிற்கின்ற பசுவே வேட்கையில் உள்ளது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். இந்நிலையில் யோனிமடல் வீங்கிச் சிவந்து ஈரமாயிருக்கும். முட்டையின் வெண்கரு போன்ற தெளிந்த சீதம் கயிறுபோல் தொங்கும். பசு வாலை உயர்த்தி, அடிக்கடி சிறிது சிறிதாகச் சிறுநீர் கழிக்கும். பாலின் அளவு அன்று குறையலாம்.

இறுதி நிலை: அமைதி திரும்பும், மற்றப் பசு ஏறினால் விலகும். வாலிலும் தொடையிலும் உலர்ந்த சீதம் ஒட்டியிருக்கும். வாலடியில் மயிர் கலைந்திருக்கும். விலாவில் சேற்றுக் கறை காணப்படும்.

கட்டி வளர்க்கும் பசுவைக் கவனித்தல்

வன்னியிலும் மட்டக்களப்பிலும் பட்டியாக மேயும் மாடுகளில் ஒன்றன்மீது ஒன்று ஏறுவதைக் காணலாம். யாழ்ப்பாணத்து வளவுகளில் தனியே கட்டி வளர்க்கப்படும் பசுவில் இவ்வறிகுறியைக் காண வழியில்லை. அங்குக் கதறல், சீதம், தீன் குறைதல், பால் குறைதல் ஆகியவற்றையே நம்புதல் வேண்டும். அயல் வளவிலுள்ள மாடுகள் கிட்டும் வேளையில் பசு அவற்றை நோக்கி இழுக்கின்றதா என்பதையும் நோக்குக.

வெப்பமான நாடுகளில் வேட்கை பெரும்பாலும் இரவிலும் அதிகாலையிலும் தொடங்குவதால், பகலில் மட்டும் பார்ப்பவர் பலவற்றைத் தவறவிடுவர். விடியற்காலையில் கறப்பதற்கு முன்னும், மாலையிலும், இரவு படுக்கைக்குச் செல்லுமுன்னும் ஒவ்வொரு முறையும் இருபது நிமிடமாவது பசுவைக் கவனித்தல் வேண்டும். தீன் வைக்கும் வேளையில் அறிகுறிகள் மறையும். ஆகவே பசு ஓய்ந்திருக்கும்போதே பார்த்தல் நன்று. படுத்திருந்த இடத்தில் சீதம் சிந்தியிருக்கின்றதா என்று காலையில் நிலத்தை நோக்குவதும் பயன் தரும்.

அந்நாளில் பசுவைக் கையாளும் முறை

1. அடித்தலும் அதட்டலும் ஆகா. அச்சமடைந்த பசு மேலும் கலங்கும். நாள்தோறும் பழகியவரே அருகில் சென்று, பெயர் சொல்லி அழைத்துத் தடவிக்கொடுத்தல் வேண்டும்.

2. சிறுவரிடத்தும் முதியோரிடத்தும் கயிற்றைக் கொடுத்தலாகாது. கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக்கொள்ளுதல் பேராபத்தாகும். பசு திடீரெனப் பாயுமாயின் பிடித்தவர் இழுபட்டுப் போவார்.

3. பசுவுக்கு நேர் பின்னால் நிற்றலாகாது. தோட்பக்கமாக அணுகுதல் வேண்டும். வேட்கையிலுள்ள பசு மனிதர்மீதும் ஏற முயலும் என்பதனால், குனிந்து வேலை செய்யும்போது அதற்கு முதுகு காட்டாதிருக்க.

4. உறுதியான புதிய கயிற்றினால், ஆழ நாட்டிய கட்டையிலோ மரத்திலோ கட்டுக. கட்டுமில்லாக் கிணறு, முட்கம்பி வேலி, வீதி ஆகியவற்றுக்கு அண்மையில் கட்டலாகாது. கயிறு நீண்டிருப்பின் கால்களிலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும்.

5. சீமெந்துத் தரையில் மாடுகள் ஒன்றன்மீது ஒன்று ஏறி வழுக்கினால் இடுப்பெலும்பு விலகவும் முறியவும் கூடும். அத்தகைய கொட்டிலிலிருந்து பசுவை மண் தரைக்கு மாற்றுக. சினைப்பசுவையும் இளங்கன்றுகளையும் அதற்கு எட்டாத இடத்தில் கட்டுக.

6. வழமையான வேளையில், வழமையானவரே கறத்தல் வேண்டும். பால் குறைந்ததென்று மடியை வருத்திக் கறக்கலாகாது. ஓரிரு நாளில் பால் முன்னைய அளவுக்குத் திரும்பும். அன்றைய பாலைப் பருகுவதனால் தீங்கு யாதுமில்லை.

7. நிழலும் நிறைந்த தண்ணீரும் வழங்குக. வெறியடங்கட்டும் என்று பட்டினி போடுதல் பேதைமையாகும்.

சினைப்படுத்தும் வேளை

வேட்கை தொடங்கி ஏறக்குறைய ஒரு நாள் கழிந்தபின்னரே, அதாவது பசு அமைதியடைந்த பின்னரே, முட்டை வெளிப்படும். வெளிப்பட்ட முட்டை சில மணித்தியாலங்களே உயிர்த்திறனுடன் இருக்கும். விந்தோ, கருப்பையை அடைந்து கருக்கட்டும் ஆற்றல் பெறுவதற்குச் சில மணித்தியாலங்கள் தேவை. ஆகவே, மிக முந்தியும் ஆகாது, மிகப் பிந்தியும் ஆகாது.

அமெரிக்காவின் நெபிராஸ்கா பல்கலைக்கழகத்தில் திரிம்பேகர் என்பார் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி முடிவுகளின் அடிப்படையில் எழுந்த விதியை இன்றும் கைக்கொள்ளலாம். காலையில் வேட்கை காணப்பட்ட பசுவை அன்று மாலையிலும், மாலையில் காணப்பட்ட பசுவை மறுநாட் காலையிலும் சினைப்படுத்துதல் வேண்டும். காலையிற் கண்டவுடனேயே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவித்தால், அன்று பிற்பகலிலாவது உத்தியோகத்தர் வருவதற்கு வசதியாகும். அறிவிக்கும்போது, அறிகுறி முதலிற் காணப்பட்ட நேரம், கடைசியாகக் கன்றீன்ற திகதி, முன்னர் சினைப்படுத்திய திகதி ஆகியவற்றைத் தவறாது கூறுக.

செயற்கை முறைச் சினைப்படுத்தலுக்குரிய விந்து, 196 பாகை சதம உறைநிலைக்குக் கீழான குளிரில், திரவ நைதரசனில் வைத்துப் பேணப்படுகின்றது. ஆகவே தெரிந்தெடுத்த நல்லினக் காளையின் பயனை ஒரு பசு வைத்திருப்போரும் பெறலாம். ஊரிலுள்ள ஒரே நாம்பனிடம் தொடர்ந்து விடுவதனால், அது தன் கன்றுகளோடேயே சேர நேர்ந்து இனம் நலியும். கருச்சிதைவை உண்டாக்கும் நோய்களும் பசுவிலிருந்து பசுவுக்குப் பரவும்.

உத்தியோகத்தர் வருமுன்னர், நான்கு கம்பங்கள் நாட்டிய ஒடுக்கமான அடைப்பொன்றில் பசுவை நிழலில் நிறுத்தி வைக்க. வெயிலில் நெடுந்தூரம் நடத்திச் செல்லுதலும், சினைப்படுத்தியபின் ஓட்டி அடித்தலும் தவிர்க்கப்பட வேண்டும்.

எருமைகள்

எருமையில் வேட்கை பெரும்பாலும் வெளித்தோன்றாது. கதறல் குறைவு, ஒன்றன்மீது ஒன்று ஏறுவதும் அரிது, சீதம் தொங்காது, படுக்கும்போது சிறிது வெளிப்படும். அடிக்கடி சிறுநீர் கழித்தல், பால் குறைதல், யோனிமடல் வீங்குதல் ஆகியனவே நம்பத்தக்கவை. எனவே எருமை வைத்திருப்போர் இரவிலும் விடியலிலும் கூடுதலாகக் கவனித்தல் வேண்டும்.

ஐயத்துக்குரிய நிலைகள்

சீதத்தில் இரத்தம் காணல்: வேட்கை முடிந்து ஓரிரு நாட்களில் இது நிகழலாம், நோயன்று. அவ்வேட்கை கடந்துவிட்டதென்று அறிந்து, திகதியைக் குறித்துக்கொண்டு, 17ஆம் நாள் முதல் மீண்டும் கவனிக்கத் தொடங்குக.

வேட்கை வாராமை: கன்றீன்று 60 நாட்கள் கழிந்தும் அறிகுறி தோன்றாவிடின், பசு மெலிந்துள்ளதா, வயிற்றுப் புழுக்கள் உள்ளனவா, கனியுப்புக் குறைவுண்டா என்று ஆராய வேண்டும். வைக்கோல் மட்டும் உண்ணும் பசுவின் உடலில் கறவைக்கும் வேட்கைக்கும் போதிய சத்து இராது. வேலியிலுள்ள சீமைக்கிளுவை, முள்முருக்கு ஆகியவற்றின் குழையுடன் தவிடும் புண்ணாக்கும் சேர்த்து வழங்குக.

ஓயாத வேட்கை: சில நாட்களுக்கொருமுறை வேட்கைக்கு வரும் பசுவின் சூலகத்தில் நீர்க்கட்டி இருக்கக்கூடும். வைத்தியரிடம் காட்டுக.

சினைப்பசுவில் வேட்கை: சினையுற்ற பசுக்களிற் சில வேட்கை அறிகுறியைக் காட்டுவதுண்டு. சினையில்லை என்பதை உறுதி செய்யாது மீண்டும் சினைப்படுத்தினால் கரு அழியலாம்.

விசர்நோய்: இதனை ஒவ்வொருவரும் ஊன்றி அறிதல் வேண்டும். விசர்நாய் கடித்த மாடும் கதறும்; கலங்கி ஓடும்; மற்ற மாடுகள்மீது ஏறவும் முயலும். ஆனால் வேட்கை ஒரு நாளில் தணிய, விசர்நோயோ நாளுக்கு நாள் மிகும். குரல் மாறும், வாய்நீர் ஒழுகும், விழுங்க இயலாது, பின்னங்கால்கள் தளரும். தொண்டையில் ஏதோ அடைத்ததென்று எண்ணி அதன் வாயில் கையிடுதல் உயிருக்கே ஆபத்தாகும். அவ்வாறான மாட்டை விலக்கிக் கட்டி, பாலைப் பயன்படுத்தாது, கால்நடை வைத்தியருக்கு உடனே அறிவிக்க. வாய்நீர் பட்டவர் அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

ஒரு கணக்கு

பசுவொன்று மார்ச் 1ஆந் திகதி கன்றீன்றதென்று கொள்வோம். மே 5ஆந் திகதி வேட்கைக்கு வந்தபோது சினைப்படுத்தினால், 280 நாட்கள் கழிந்து, மறு ஆண்டு பெப்ரவரி 9ஆந் திகதியளவில் கன்றீனும். அவ்வேட்கையும் அடுத்ததும் தவறி, யூன் 16ஆந் திகதி சினைப்பட்டால், கன்று மார்ச் 23ஆந் திகதியே கிடைக்கும். இரண்டு அதிகாலைகளில் பசுவைப் பாராமையால் புதிய கறவை 42 நாட்கள் பின்தள்ளப்படுகின்றது. புதுக்கறவையில் நாளொன்றுக்கு 4 லீற்றர் தரும் பசுவாயின், அந்த 42 நாட்களுக்குரிய அளவு 168 லீற்றர். அதுவரை வற்றிய பசுவுக்குத் தீன் மட்டும் செலவாகும்.

முடிவுரை

ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு சிறு குறிப்பேடு வைத்து, கன்றீன்ற திகதி, வேட்கை கண்ட திகதியும் நேரமும், சினைப்படுத்திய திகதி ஆகிய மூன்றையும் எழுதுக. எழுதத் தெரியாதவர் கொட்டிலில் மாட்டிய நாட்காட்டியில் ஒரு புள்ளியிட்டாலும் போதும். சினைப்படுத்திய நாளிலிருந்து 18ஆம் நாள் தொடங்கி 24ஆம் நாள் வரை பசுவை மீண்டும் கவனிக்க. வேட்கை திரும்பாவிடின், மூன்று மாதம் சென்றபின் வைத்தியரைக் கொண்டு சினையை உறுதிப்படுத்துக.

பட்டிப்பொங்கலன்று பசுவை நீராட்டி மாலை சூட்டுதல் நம் வழக்கம். ஏனைய நாட்களில் அதற்குச் செய்யத்தக்க உபகாரம், அது காட்டும் குறிப்பை உணர்ந்து வேளையறிந்து நடத்தலேயாகும். நாளை விடியலில் கறவைக்குச் செல்லும்போது, செம்பை எடுக்குமுன் பசுவைச் சற்று நின்று பார்க்கத் தொடங்குக.