கப்பன் பூங்காவும் 1,500 ரூபாயும்: மரத்தடி நேரம் உடம்புக்கு என்ன செய்யும், என்ன செய்யாது

2025 ஏப்ரலில் பெங்களூரில் ஒரு விளம்பரம் பெரும் பேச்சாகிவிட்டது. கப்பன் பூங்காவில் வழிகாட்டியோடு 'வனக் குளியல்', ஆளுக்கு 1,500 ரூபாய். யார் வேண்டுமானாலும் இலவசமாக நுழையும் பூங்காவில் மரத்தைக் கட்டிப்பிடிக்கக் காசா என்று ஒரு கூட்டம் கொதித்தது. இன்னொரு பக்கம், மரத்தடியில் நின்றால் தீராத நோயும் தீரும் என்று நம்புகிற கூட்டமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஒன்று மொத்தமும் ஏமாற்று என்கிறது, மற்றது மொத்தமும் மருந்து என்கிறது. இந்தக் கூச்சலில் அடிபட்டுப் போவது, ஆய்வுகள் பொறுமையாகக் கண்டெடுத்த ஒரு நல்ல செய்தி. மரங்களுக்கு நடுவே கவனத்தோடு இருக்கும் நேரம் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. அந்த நன்மைக்கு ஓர் அளவு உண்டு. அதைப் பெறக் காசு தேவையில்லை, பக்கத்தில் மரம் இருந்தால் போதும்.

"இது ஜப்பானியர்களின் ஆயிரமாண்டுப் பழக்கம்"

இல்லை. 'ஷின்ரின் யோகு' என்ற பெயரே 1982-இல் பிறந்தது. அப்போது ஜப்பான் வனத்துறையின் தலைவராக இருந்த டொமொஹிடே அகியாமா, நகரவாசிகளைக் காட்டுப் பக்கம் வரவழைக்க முன்வைத்த திட்டம் அது. மருத்துவ அளவீடுகள் அதற்குப் பின்னால்தான் வந்தன. மரத்தடியில் உட்காரும் பழக்கம் நமக்கும் புதிதல்ல. அரசும் வேம்பும் சேர்ந்து நிற்க, கீழே நாகக்கற்கள் வரிசை கட்டிய மேடைகள் பெங்களூரின் பழைய பேட்டைகளிலும் கிராமமாக இருந்து நகரமான பகுதிகளிலும் இன்னும் இருக்கின்றன. கன்னடத்தில் அதை 'அஷ்வத்த கட்டெ' என்பார்கள். மதிய வெயிலுக்குக் கூலிக்காரர்களும் ஆட்டோக்காரர்களும் அங்கே ஒதுங்குவது எந்த விளம்பரமும் இல்லாமல் நடந்துவருகிறது.

"காட்டில் நடந்தால் புற்றுநோய் அண்டாது"

மிகைப்படுத்தல்களில் கொஞ்சம் பயப்பட வேண்டியது இதுதான். இதன் வேர் ஓர் உண்மையான ஆய்வில் இருப்பதால் பிடுங்குவதும் கடினம். டோக்கியோவின் நிப்பான் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சிங் லீ, 2005-இல் ஆரோக்கியமான 12 ஆண்களை இய்யாமா என்ற ஊரின் காடுகளுக்கு மூன்று நாள் அழைத்துப் போனார். வைரஸ் தாக்கிய செல்களையும் புற்றணுக்களையும் வேட்டையாடும் 'இயற்கைக் கொல்லி அணுக்கள்' நம் ரத்தத்தில் உண்டு. பயணத்துக்குப் பிறகு அவற்றின் செயல்பாடு ஏறக்குறைய பாதியளவு கூடியிருந்தது. பிறகு செய்த ஆய்வொன்றில், காட்டுக்குப் பதிலாக ஒரு நகரத்துக்குச் சுற்றுலா போனவர்களிடம் இந்த உயர்வு தெரியவில்லை. மரங்கள் காற்றில் விடும் வாசனைப் பொருட்களுக்கும் இதில் பங்கிருக்கலாம் என்பது லீயின் கருத்து.

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதனைக்கு உட்பட்டவர்கள் 12 பேர். அளந்தது ரத்தத்தில் தெரிந்த மாற்றத்தை. அந்த மாற்றத்தால் யாருக்கும் புற்றுநோய் வராமல் போனதா என்று யாரும் தொடர்ந்து பார்த்து நிரூபிக்கவில்லை. காட்டில் இரண்டு இரவு தங்குவதும் கஸ்தூர்பா சாலையின் ஹாரன் சத்தத்துக்கு நடுவே கப்பன் பூங்காவில் ஒரு மணி நேரம் இருப்பதும் ஒன்றாகாது. புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவரிடம் "காட்டுக்குப் போ, சரியாகிவிடும்" என்று சொல்வது உபகாரமே இல்லை.

சான்று பலமாக இருப்பது வேறு இடத்தில்: மன அழுத்தத்தில். ஜப்பானின் 24 காடுகளில் 280 இளைஞர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், நகரத்தில் இருந்தபோது இருந்ததைவிடக் காட்டில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும்கூடச் சற்று இறங்கியிருந்தன. 1984-இல் ரோஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு இதற்கும் முந்தையது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிட ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். வீரியமான வலிநிவாரணிகளையும் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். இதுவும் சிறிய ஆய்வுதான், 46 பேர். ஆனாலும் மருத்துவமனைகளைக் கட்டுபவர்கள் ஜன்னலைப் பற்றி யோசிக்கும்படி செய்தது.

மனச்சோர்வு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வாழவே பிடிக்கவில்லை என்ற நிலையில் இருப்பவருக்கு மரத்தடி நேரம் துணையாக இருக்கலாம். சிகிச்சைக்கு மாற்றாக முடியாது. டெலி மானஸ் என்ற அரசின் இலவச உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவைக்குத் தலைமை மையமே பெங்களூரின் நிம்ஹான்ஸ்தான். தமிழிலும் பேசலாம்.

"அரசமரம் ராத்திரியிலும் பிராணவாயு விடும்"

தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் வாட்ஸ்அப்பில் ஓயாமல் சுற்றும் செய்தி. வெளிச்சம் இல்லாமல் எந்தச் செடியும் பிராணவாயுவை உண்டாக்காது. இரவில் அரசமரமும் நம்மைப்போலப் பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவைத்தான் விடுகிறது. கற்றாழை, கள்ளி, அன்னாசி போன்றவை இரவில் கரியமில வாயுவை உள்ளே சேர்த்துவைக்கும். அவைகூடப் பிராணவாயுவை விடுவது பகலில்தான்.

இதற்கு மறுபக்கமாக, ராத்திரி புளியமரத்தடியில் படுத்தால் மூச்சுமுட்டும் என்ற பயமும் உண்டு. திறந்த வெளியில் ஒரு மரம் விடும் கரியமில வாயு காற்றில் கலந்து கரைந்துவிடும், யாரையும் மூச்சுத்திணற வைக்காது. பிராணவாயு விஷயத்தில் கப்பன் பூங்காவும் எம்.ஜி. ரோடும் ஒன்றேதான், இரண்டிலும் காற்றில் சுமார் 21 சதவீதம். உடம்பு உணரும் வித்தியாசம் வெப்பத்திலும் இரைச்சலிலும் புழுதியிலும் இருக்கிறது.

"போனைப் பார்த்துக்கொண்டே நடந்தாலும் மரம் மரம்தானே"

லால்பாக் பூங்காவில் காலையில் நடப்பவர்களைப் பாருங்கள். காதில் இயர்போன், கையில் போன், மணிக்கட்டில் காலடிகளை எண்ணும் கடிகாரம். நடை நடைதான், இதயத்துக்கு நல்லது, அதில் மறுப்பில்லை. ஆனால் களைத்துப்போன கவனம் மீள்வது வேறு விஷயம். 2019-இல் அச்சான ஓர் அமெரிக்க ஆய்வில், மரம் சூழ்ந்த இடத்தில் சும்மா இருந்தவர்களின் கவனத்திறன் ஏறியது. அதே இடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்தவர்களிடம் அந்த ஏற்றம் காணவில்லை.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மார்க் பெர்மன் குழு 2008-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், ஒரே ஆட்கள் ஒரு நாள் மரத்தோட்டத்திலும் இன்னொரு நாள் நகரத் தெருவிலும் நடந்தார்கள். தோட்டத்தில் நடந்த பிறகு அவர்களின் நினைவாற்றல் சோதனை மதிப்பெண் உயர்ந்தது. கொடுங்குளிரில் நடந்து, அந்த நடையை ரசிக்கவே இல்லை என்று சொன்னவர்களிடமும் அதே பலன். ஆகவே "எனக்கு இதிலெல்லாம் ஈடுபாடு கிடையாது, பரவசம் எதுவும் வரவில்லை" என்பவர்கள் மனம் தளர வேண்டாம்.

மேரிகரோல் ஹன்டர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு நடைமுறைக்கு மிக நெருக்கமானது. 36 நகரவாசிகள், எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று முறையாவது வெளியே. இடமும் நேரமும் அவரவர் விருப்பம். போன் கூடாது, பேச்சு கூடாது, புத்தகம் கூடாது, உடற்பயிற்சியும் கூடாது. எச்சிலில் கார்டிசாலை அளந்தபோது, 20 முதல் 30 நிமிடத்துக்குள் அது மிக வேகமாக இறங்கியது. அதற்கு மேலும் இருந்தால் நன்மை கூடும், ஆனால் மெதுவாக.

அந்த இருபது நிமிடம் என்ன செய்வது? கண்ணை மூடித் தியானிக்கத் தெரியாதவர்களுக்குக் கப்பன் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்களே போதும். சாயங்காலம் ஐந்தரை வாக்கில் தாழ்ந்த கிளை ஒன்றின் அருகே நின்று ஒரே ஒரு கூட்டிலையைப் பாருங்கள். சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். அவற்றின் அடியில் காம்பு சற்றே பருத்த ஒரு சிறு கணு. அந்தக் கணுவுக்குள் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து நீர் வடிய, மறுபக்கம் நீர் ஏற, சிற்றிலைகள் சாய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அவை நகர்வதைக் கண் பிடிக்காது. பார்வையை எடுத்து இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பினால் இடைவெளி குறைந்திருப்பது தெரியும். நண்பகலில் கெட்டிக் குடையாக இருந்த மரம், இருட்டும் நேரத்தில் வானத்தைக் காட்டும். மழைமேகம் கவிந்தாலும் இதே கதை. இதைப் பார்க்கத் தொடங்கியவருக்கு இருபது நிமிடம் போதாது.

"ஒரு தடவை போய் வந்தால் போதும்"

அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று நம் பாட்டிமார் எப்போதோ இதற்குப் பதில் சொல்லிவிட்டார்கள். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் தகவலை வைத்து 2019-இல் வந்த ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமைக்கு நடுவே கழிப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாக அதிகம் சொல்கிறார்கள் என்று கண்டது. மொத்தமாக ஒரே நாளா, பிரித்துப் பிரித்தா என்பதில் வித்தியாசமில்லை. நலமாக இருப்பவர்கள்தானே வெளியே அதிகம் போவார்கள் என்ற கேள்வி இதில் நிற்கிறது, அதை ஆய்வாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். எனினும் ஞாயிறு ஒருநாள் இரண்டு மணி நேரம் என்பது யாருக்கும் நஷ்டமில்லாத கணக்கு.

"அதற்குக் கூர்க் போக வேண்டும், கபினி போக வேண்டும்"

வசதி உள்ளவர்கள் போகட்டும். ஆனால் இந்த நம்பிக்கைதான் மரத்தடி நேரத்தைப் பணக்காரர் பொழுதுபோக்காக்கிவிடுகிறது. பெங்களூர்த் தெருக்களிலேயே இதை அளந்திருக்கிறார்கள். ஹரிணி நாகேந்திராவும் சக ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மரமுள்ள சாலைப் பகுதிகளையும் மரமில்லாப் பகுதிகளையும் ஒப்பிட்டார்கள். பிற்பகலில் மரநிழலில் காற்றின் வெப்பம் அதிகபட்சம் 5.6 டிகிரி செல்சியஸ் வரை குறைந்திருந்தது. தார்ச்சாலையின் மேற்பரப்போ 27.5 டிகிரி வரை குறைவு. கந்தக டை ஆக்சைடும் மரமுள்ள பகுதிகளில் குறைவாக இருந்தது.

இந்த எண்கள் காய்கறி வண்டிக்காரரையும் போக்குவரத்துக் காவலரையும் துப்புரவுத் தொழிலாளியையும் பற்றியவை. வனக் குளியலுக்கு நேரமில்லாத அவர்களுக்கு, எட்டு மணி நேரம் நிற்கும் இடத்தில் ஒரு புங்கை மரம் இருப்பதுதான் ஆரோக்கியம். நாகேந்திராவும் திவ்யா கோபாலும் பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் நடத்திய ஆய்வு இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கிறது. இடமே இல்லாத சந்துகளில் முருங்கை வளர்க்கிறார்கள். உடைந்த வாளியில் துளசி வைக்கிறார்கள். ஒரே மரத்தின் நிழலில் சமையல், துணி துவைத்தல், குழந்தைகளின் விளையாட்டு, பெண்களின் பேச்சு எல்லாம் நடக்கின்றன. மரத்தடியில் மனம் லேசாவது என்ன என்று அந்தப் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

"ரோஜா நிறப் பூ பூத்தால் தும்மல் வரும்"

ஜனவரி, பிப்ரவரியில் தபெபுயா பூத்துத் தெருவே இளஞ்சிவப்பாகும்போது கேட்கும் புகார். பூச்சிகளை அழைக்கப் பூக்கும் பளிச்சென்ற பூக்களின் மகரந்தம் பிசுபிசுப்பும் கனமும் கொண்டது, காற்றில் வெகுதூரம் போகாது. தும்மலுக்குப் பெரும்பாலும் காரணம் காற்றில் பரவும் மகரந்தம்: சவுக்கு, புல்வகைகள், காலி மனைகளில் மண்டும் பார்த்தீனியம். ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போவது நல்லது.

"பெங்களூர் இயற்கையாகவே பூங்கா நகரம், மரம் போனால் மரம் வந்துவிடும்"

இந்தப் பீடபூமி முள்மரங்களும் புதர்களும் கொண்ட வறண்ட நிலமாக இருந்தது. இங்குள்ள பசுமை மனிதர்கள் வைத்து வளர்த்தது. லால்பாக்கை 1760-இல் ஹைதர் அலி தொடங்கினார். 1870-இல் கப்பன் பூங்கா உருவானது. ஜெர்மனியிலிருந்து வந்த தோட்டக்கலைஞர் கிரும்பிகல், ஆண்டின் எந்த மாதமும் எங்காவது ஒரு சாலை பூத்திருக்கும்படி மரங்களைத் தேர்ந்தார். 1980-களில் வனத்துறை அதிகாரி எஸ்.ஜி. நெகின்ஹால் தலைமையில் தெருத்தெருவாகச் சுமார் 15 லட்சம் மரங்கள் நடப்பட்டன. இன்று நாம் நிழல் வாங்கும் பல மரங்கள் அந்தக் காலத்தில் ஊன்றியவை.

ஒன்றை வெட்டினால் பத்து நடுவோம் என்ற வாக்குறுதியை இந்த வரலாற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். இன்று நடும் கன்று அந்த 27.5 டிகிரி நிழலைத் தரப் பல பத்தாண்டுகள் ஆகும். நாகேந்திராவும் கோபாலும் 2010-இல் வெளியிட்ட தெருமரக் கணக்கெடுப்பில், பெரிய மரங்களும் பலவகை மரங்களும் அகலமான சாலைகளில்தான் இருப்பதைக் கண்டார்கள். சாலையை அகலப்படுத்த வெட்டுவதும் அந்தச் சாலைகளில்தான். குறுகிய தெருக்களில் மரமும் குறைவு, இருப்பவையும் சிறிய இனங்கள்.

1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மரத்தை வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். 50 மரங்களுக்கு மேல் என்றால் பொதுமக்களுக்கு அறிவிப்புத் தந்து ஆட்சேபம் கேட்க வேண்டும். அப்படியொரு அறிவிப்பு உங்கள் சாலையில் வந்தால், நீளமாக எதுவும் எழுத வேண்டாம். எந்த மரம், எந்த முனை, அதன் அடியில் காலை முதல் மாலை வரை யார் யார் நிற்கிறார்கள், பூக்கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு எங்கே காத்திருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டு, தேதி போட்டு, மர அதிகாரியின் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.