சருகு செய்யும் ஊழியம்



காடு என்றவுடன் நாம் அண்ணாந்து மரத்தைப் பார்க்கிறோம். காலடியில் கிடக்கும் சருகைக் குப்பை என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் காட்டின் வாழ்வு அந்தச் சருகை நம்பியே இருக்கிறது. நீலகிரி, பழனி மலைகளிலுள்ள சோலைக்காடுகளைக் கொண்டு இதை விளங்கிக்கொள்வோம்.

முதலாவது, சருகு மரத்துக்கு உணவு. காட்டு மரத்துக்கு எரு வைப்பார் யார்? அது உதிர்த்த இலையே அதற்கு எருவாகிறது. மரவட்டையும் வண்டும் சருகைக் கடித்துப் பொடியாக்குகின்றன. மண்புழு அதை மண்ணோடு கலக்கிறது. காளானும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் எஞ்சியதை மக்கச் செய்கின்றன. மண்புழுவின் வேலையைப் பற்றி மட்டுமே சார்லஸ் டார்வின் 1881-ஆம் ஆண்டில் ஒரு முழு நூல் எழுதினார். 1885-இல் ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் ஃபிராங்க், மர வேரும் பூஞ்சையும் பிணைந்து வாழ்வதை விளக்கினார். பூஞ்சை நீரையும் உப்புகளையும் தேடிக் கொடுக்கிறது. மரம் தன் சர்க்கரையில் அதற்குப் பங்கு கொடுக்கிறது.

இரண்டாவது, சருகு மழையைத் தாங்கும் மெத்தை. வெறும் மண்ணில் விழும் மழை, மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடிவிடும். சருகின்மேல் விழும் மழையோ வேகம் தணிந்து உள்ளே இறங்கும். கீழேயுள்ள கறுத்த மக்கு மண் அதைப் பஞ்சுபோல் பிடித்துவைத்து, மழை நின்ற பின்பும் சிறுகச் சிறுக ஓடைக்கு விடும். நீலகிரியில் பிறந்து காவிரியில் கலக்கும் பவானி ஆறு, இத்தகைய ஓடைகளால் வளர்வதே. ஈரோட்டுப் பக்கத்து வயல்களில் பாயும் நீரில் சோலைத் தரைக்கும் பங்குண்டு.

மூன்றாவது, அதுவே காட்டின் நாற்றங்கால். ஈரச் சருகின் நடுவே முளைத்த கன்றுகள், முதிய மரம் ஒன்று சாய்ந்து வெளிச்சம் கிடைக்கும் நாளுக்காகக் காத்து நிற்கின்றன.

இத்தனையையும் அழிக்க அணையாத ஒரு பீடித்துண்டு போதும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்தது சில மணி நேரத்தில் சாம்பலாகும். பெரிய மரங்கள் தப்பி நின்றாலும், கீழே கன்றும் இல்லை, புழுவும் இல்லை. அடுத்த மழையில் மேல்மண்ணும் போய்விடும். மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறண்ட ஓடையுமே மிஞ்சும். ஆகையால் கோடையில் மலைக்குச் செல்வோர் நெருப்பு விஷயத்தில் மிகுந்த கவனமாயிருக்க வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க: இரண்டு தட்டுகளில் மண்ணை நிரப்பி, ஒன்றின்மேல் சருகு பரப்புங்கள். இரண்டையும் சற்றே சாய்த்து வைத்துப் பூவாளியால் நீர் தெளியுங்கள். எதிலிருந்து கலங்கல் நீர் வடிகிறது என்று பிள்ளைகளே சொல்லட்டும். பிறகு, வாசலில் கூட்டிய சருகைக் கொளுத்தாமல் வாழையடியிலோ தென்னையடியிலோ போடுங்கள்.