மிதிவண்டிப் பயணமும் மருத்துவ ஆராய்ச்சியும்

நோயாளிக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது அறம். அம்மருந்தைக் கண்டறியும் ஆராய்ச்சிக்குத் துணை நிற்பதும் அறமே. ஆயினும், ஆராய்ச்சி நிதிக்கு நன்கொடை கேட்டால், 'இதனால் நமக்கென்ன பயன்?' எனத் தயங்குவோர் உளர். இரப்பர்க் கன்று நட்டவுடன் பால் தருவதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கிறோம். ஆராய்ச்சியும் அத்தகையதே.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தவரான பில்லி ஸ்டார், தம் அன்னையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1980ஆம் ஆண்டில் அவரும் நண்பர்களுமாக 36 பேர், ஸ்பிரிங்ஃபீல்ட் நகரிலிருந்து புரோவின்ஸ்டவுன் கடற்கரை வரை மிதிவண்டியில் நெடும்பயணம் சென்று, 10,200 டாலர் திரட்டினர். ஆண்டுதோறும் தொடர்ந்த அப்பயணத்தின் மொத்த நிதி, 2024இல் 100 கோடி டாலரைத் தாண்டியது. பாஸ்டனிலுள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் ஆய்வுக் கழகத்தின் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் அந்நிதி உதவுகிறது.

அக்கழகத்தைத் தோற்றுவித்த டாக்டர் சிட்னி ஃபார்பர், 1947இன் இறுதியில் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்னும் மருந்தைக் கொடுத்தார். சில குழந்தைகளிடம் நோய் சிறிது காலம் பின்வாங்கியது. சிறிது காலமே ஆயினும், மருந்தால் இந்நோயை எதிர்க்க இயலும் என்பது அன்று தெளிவாயிற்று. அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார்.

நமது நெகிரி செம்பிலானும் உலகுக்கு இத்தகைய அறிவை வழங்கியுள்ளது. கால் வீங்கி, உணர்விழந்து, இதயம் தளர்ந்து உயிர் குடிக்கும் பெரிபெரி நோய், முன்னாளில் தொழிலாளரிடையே பரவியிருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அந்நோய் அதிகம் தாக்கவில்லை என்பதை, இம்மாநிலத்தில் பணியாற்றிய டாக்டர் பிராடன் கவனித்தார். 1907இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவரும், ஜெலுபு வட்டாரத்து டுரியான் திப்புசில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். தீட்டிய வெள்ளை அரிசி உண்டோருக்கு நோய் கண்டது. புழுங்கல் அரிசி உண்டோருக்குக் காணவில்லை. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் இடம் மாறியது. தவிட்டோடு நீங்கிவிடும் சத்தின் குறைவே நோய்க்குக் காரணம் என்பதற்கு இது வழி காட்டியது. பெயர் அறியப்படாத அத்தொழிலாளர்கள் பட்ட துன்பத்தால் பிறந்த அறிவு, பிற நாட்டாரையும் காத்தது.

ஆகவே, ஆராய்ச்சியின் பயனுக்கு எல்லையில்லை என்பதை நாம் உணர வேண்டும். தோட்டத்து இளைஞர் மன்றங்கள் சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் வரை இத்தகைய பயணம் நடத்தலாம். பொதுமக்களிடம் நிதி திரட்டுமுன் காவல் துறையின் அனுமதி பெறுதல், ஒவ்வொரு வெள்ளிக்கும் இரசீது கொடுத்தல், கணக்கை அனைவரும் அறிய வெளியிடுதல் ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. பலர் கூடித் தரும் சிறு தொகையும், நாளை ஒரு குழந்தையின் உயிரைக் காக்கக்கூடும்.