டிக்டாக் தடையும் சட்டத்தின் நிலையும்

அரசு ஒரு நூலைத் தடுத்தல் வேறு. நூல் விற்குங் கடையை மூடுதல் வேறு. கைப்பேசிச் செயலியோ நூலும் கடையும் ஊர்மன்றமும் ஒருங்கே ஆயது. ஆகவே, அதனைத் தடுக்கப் புகும் அரசு எச்சட்டத்தைத் துணைக்கொள்வது என்பதே முதல் இடர்ப்பாடாம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் டிக்டாக் செயலி பற்றி நிகழ்ந்தவற்றைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வாம்.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஜனாதிபதி டிரம்ப், சீனத்துப் பைட்டான்ஸ் நிறுவனத்திற்குரிய அச்செயலியைத் தடுக்க ஆணை பிறப்பித்தார். அவர் பற்றுக்கோடாகக் கொண்டது நெருக்கடிக்காலப் பொருளாதார அதிகாரம் பற்றிய 1977ஆம் ஆண்டுச் சட்டம். நூல், படம் முதலிய செய்திப் பொருள்களின் போக்குவரவைத் தடுக்கும் அதிகாரத்தை அச்சட்டமே விலக்கி வைத்திருந்தமையால், நீதிமன்றங்கள் ஆணையை நிறுத்தின. 2023இல் மான்டானா மாகாணம் இயற்றிய தடைச்சட்டமும் நடைமுறைக்கு வருமுன்னரே தடுக்கப்பட்டது.

காங்கிரஸ் பின்னர் வேறு வழி கண்டது. செயலியிற் பேசப்படுவதைப் பற்றி ஒன்றுங் கூறாது, அதன் உடைமையாளரையே சுட்டி, ‘விற்றுவிடுக, இன்றேல் இந்நாட்டில் இடமில்லை’ என்று விதித்தது. செனட் சபையில் 79 பேர் உடன்பட்டனர். 18 பேர் மறுத்தனர். 2024 ஏப்ரல் 24இல் ஜனாதிபதி பைடன் ஒப்பமிட்டார். அவருடைய தேர்தற் குழுவினர் அவ்வாண்டுப் பிப்ரவரியிற்றான் அச்செயலியிற் கணக்குத் தொடங்கியிருந்தனர் என்பது நகைப்பிற்குரியதே. பதினேழு கோடி மக்களின் செய்திகள் அயலரசின் கைக்கெட்டும் அபாயத்தைக் காரணமாக ஏற்று, உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 17இல் ஒருமுகமாக அச்சட்டத்தை நிலைநிறுத்தியது.

சட்டம் வென்றது, இடர் அதன்பின்னரே பெரிதாயிற்று. ஜனவரி 20இல் மீண்டும் பதவியேற்ற டிரம்ப், அச்சட்டத்தை 75 நாள் செயற்படுத்தலாகாதென அட்டார்னி ஜெனரலுக்கு ஆணையிட்டார். அத்தவணையைப் பின்னரும் பன்முறை நீட்டினார். முன்னர்த் தடுக்க முனைந்தவரே தடையைத் தடுத்தார்! சட்டம் ஒருமுறை தவணை நீட்ட இடந்தந்ததுண்டு; ஆயின், விற்பனைக்குரிய உடன்படிக்கைகள் முன்னரே கைக்கூடியிருத்தல் வேண்டும். அவை அன்று இல்லை.

ஈண்டு இடர்ப்பட்டவர் செயலியை வழங்குங் கடைக்காரராகிய ஆப்பிளும் கூகிளுமே. பயன்படுத்துவோர் ஒருவருக்கு 5,000 டாலர் வரை அபராதம் என்பது விதி. பதினேழு கோடியைப் பெருக்கின் 85,000 கோடி டாலராம். ஜனாதிபதியின் வாய்மொழியை நம்பாது, பிப்ரவரி 13 வரை அவ்விருவரும் டிக்டாக்கைத் தம் கடையிற் சேர்க்கவில்லை. வழக்கிடும் உரிமையை அரசு மீளாவகையிற் கைவிட்டதென அட்டார்னி ஜெனரல் அவர்களுக்கு எழுதிய கடிதங்கள் ஜூலையில் வெளிவந்தன. காங்கிரஸ் விதித்த அபராதத்தை ஒரு கடிதம் துடைத்துவிடுமாயின், நாளை எச்சட்டத்தையும் அவ்வாறே துடைக்கலாமன்றோ? தடை நன்றோ தீதோ என்னும் வினாவினும் இதுவே பெரிதென யான் கருதுகின்றேன்.

2026 ஜனவரியிற் செயலியின் அமெரிக்கப் பகுதி ஒரு கூட்டு நிறுவனத்தின்பாற் சென்றது. பைட்டான்ஸின் பங்கு ஐந்திலொன்றினுங் குறைந்தது. இடைப்பட்ட ஓராண்டுக் காலத்து மீறலுக்கு வழக்குத் தொடரும் தவணையோ ஐந்தாண்டு.